எந்தப் பெட்டி வாங்கலாம்?



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்திக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தர விரும்புகிறார். இன்னொருவர், எண்பதைத் தாண்டிவிட்ட தன் பாட்டியின் நடவுப் பாட்டுகளையும் தாலாட்டையும் பிடித்து வைக்க வேண்டும் என்று துடிக்கிறார். வெளிநாட்டில் வளரும் பேரனுக்கு வாரம் ஒரு கதை சொல்லி அனுப்பும் தாத்தாவும் இருக்கிறார். எல்லோரும் கேட்பது இதுதான்: 'கம்ப்யூட்டரில் குரல் பதிவு செய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?'

தனித்தனியாகப் பதில் எழுதி வந்தேன். இந்த இதழில் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன். கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும், இதற்கு விடை கிடைக்காமலே பல பதிவுகள் தள்ளிப்போய்க்கொண்டிருக்கின்றன. பாட்டிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர் பாட்டைப் பதிவு செய்ய நினைக்கும் பேரனோ பெட்டிகளின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் நன்றாகப் பதிவாவதற்கு முதல் காரணம் அறை. அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். மூன்றாவது மைக். இன்டர்ஃபேஸ் நான்காவது இடத்தில்தான் வருகிறது. நான்காவதற்குப் போட வேண்டிய கவலையை நான்காவதற்கு மட்டும் போட்டால் போதும்.

இன்டர்ஃபேஸ் என்ற இந்தப் பெட்டி என்ன செய்கிறது? மைக்கிலிருந்து வரும் மின் சமிக்ஞை மிகச் சன்னமானது, வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. பெட்டிக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் அதைப் பெருக்குகிறது. பிறகு அது எண்களாக மாற்றப்பட்டு யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்குப் போகிறது. திரும்பி வரும் ஒலியை ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பதும், கன்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபான்டம் பவரை அதே கேபிளில் அனுப்புவதும் இதன் வேலைதான். லேப்டாப்பிலேயே மைக் ஓட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஹெட்செட்டோடு வரும் குட்டி மைக்குக்காக வைத்தது. மூன்று முனைச் செருகி உள்ள எக்ஸ்எல்ஆர் மைக்கை ஏதாவது கன்வெர்ட்டர் போட்டு அதில் செருகினால் குரலோடு சேர்ந்து லேப்டாப்பின் உள் இரைச்சலும் பதிவாகும்.

இன்டர்ஃபேஸ் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. ஒருவர் மட்டும் வாசிக்கப் போகிறார், ஒரே இடத்தில் உட்காரப் போகிறார் என்றால் நல்ல யுஎஸ்பி மைக் ஒன்றே போதும். பெருக்குவது, எண்ணாக மாற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. கதை சொல்லும் தாத்தாவுக்கு நான் எழுதிய பதில் இதுதான். பாட்டியைப் பாடச் சொல்லி, பேரன் இடையிடையே கேள்வி கேட்டுப் பதிவு செய்வதாக இருந்தால் நிலைமை வேறு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு யுஎஸ்பி மைக்கை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்வது தலைவலி. இரண்டு மைக் ஓட்டை உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தால் பாட்டியின் குரல் ஒரு தடத்திலும் பேரனின் குரல் இன்னொரு தடத்திலும் விழும். பாட்டி பாடும்போது பேரன் இருமினால், அதை மட்டும் பிறகு நீக்கிவிடலாம்.

இனி அறையைப் பற்றி. நம் ஊர் வீடுகள் குரல் பதிவுக்குக் கொஞ்சம் கடினமானவை. சிமென்ட் சுவர், மொசைக் அல்லது டைல்ஸ் தரை, திரை போடாத ஜன்னல், இரும்பு பீரோ என்று எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். கைதட்டிப் பாருங்கள், தட்டிய பிறகும் ஒரு சன்னமான 'ணிங்' காதில் நின்றால், அந்த அறையில் பதிவாகும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும். எந்த விலைப் பெட்டியும் இதைச் சரிசெய்யாது.

மேலே சொன்ன ஆசிரியையின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். கும்பகோணத்தில் பழைய வீடு. மேசையைப் பீரோவுக்குப் பக்கத்தில் போட்டு, புத்தகம் சாய்ந்து நிற்க ஒரு பலகை, அதற்கு முன்னால் மைக் என்று அழகாக அடுக்கி வைத்திருந்தார். வாசிக்கத் தொடங்கினார். குரல் தணியும் இடங்களில் பீரோவின் கண்ணாடிக் கதவு கூடவே அதிர்ந்தது. நேரில் கேட்கும்போது அது தெரியவே இல்லை; ஹெட்ஃபோனில் கேட்டதும் இருவருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். பின்கட்டில், மெத்தை, தலையணை, பாய், பழைய புடவை மூட்டைகள் போட்டு வைத்திருக்கும் சின்ன அறை இருந்தது. அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு வாசித்தார். அதே மைக், அதே பெட்டி. சொற்கள் காதுக்கு அருகில் வந்து நின்றன. இப்போது அவர் விடியற்காலையில், கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன்பு, அந்த மெத்தை அறையில்தான் பதிவு செய்கிறார்.

அன்று இன்னொன்றையும் கண்டுபிடித்தோம். குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் உலோக உடலில் கை வைத்தால் குறைந்தது, எடுத்தால் ஏறியது. சார்ஜரின் எர்த் பின் சரியாகப் பொருந்தாத பழைய பிளக் பாயின்ட் அது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் உறுமல் நின்றுவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வும் அதன் மடங்குகளும்தான் இப்படிப் பதிவில் நுழைகின்றன. ஃபேன் ரெகுலேட்டரும், மின்தடையின்போது ஓடும் சில இன்வெர்ட்டர்களும் இதே வேலையைச் செய்யும். பெட்டி பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்பு, பேட்டரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேர்க்கும்தான். பத்து நிமிடம் வாசித்து, நிறுத்தி, காற்று வாங்கிவிட்டுத் தொடரலாம்.

தூரத்துக்கு வருகிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். திருப்பிச் சொன்னால், 40 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் உங்கள் குரல் சுமார் 12 டெசிபெல் கூடுகிறது. அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் கூடுவதில்லை. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 12 டெசிபெல் இடைவெளி கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம். இதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை. ரொம்பவும் நெருங்கினால் 'ப'கரம் வெடிக்கும், குரலில் கார்வை தேவைக்கு மேல் ஏறும். ஒரு பாப் ஃபில்டர் போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்துக்குச் சற்றே ஒதுக்கி, ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இதெல்லாம் ஒழுங்கான பிறகு பெட்டியைத் தேடுவோம். குரலுக்கு இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. விளம்பர அட்டையில் அது பெரிதாக இருக்காது. விவரப் பட்டியலில் 'கெயின்' என்ற வரியில் இருக்கும். மைக் ஒலியை எவ்வளவு பெருக்க முடியும் என்பதை டெசிபெலில் சொல்வது அது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ஷ்யூர் நிறுவனத்தின் எஸ்எம்7பி மைக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்காஸ்ட் வீடியோக்களில் பேசுகிறவரின் முகத்துக்கு முன்னால் நீளமாகக் கறுப்பாக இருக்குமே, அதுதான். இதன் மூத்த வடிவமான எஸ்எம்7-இல்தான் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்புக்கு அவர் குரலை ப்ரூஸ் ஸ்வீடியன் பதிவு செய்தார். அந்தப் பெயருக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு. அருமையான டைனமிக் மைக்தான். ஆனால் அது தரும் சமிக்ஞை மிகக் குறைவு. நேர் எதிரே சத்தமாகப் பேசும் குரலின் அழுத்தம் ஒரு பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், இது தருவது 1.12 மில்லிவோல்ட். பலர் முதல் கன்டென்ஸர் மைக்காக வாங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 அதே குரலுக்கு 14.1 மில்லிவோல்ட் தருகிறது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று ஷ்யூரே சொல்கிறது.

இப்போது பெட்டியைப் பாருங்கள். வீட்டுப் பதிவுக்காரர்கள் அதிகம் வாங்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவின் நான்காம் தலைமுறையில் மைக் கெயின் 57 டெசிபெல். அதன் அண்ணன் 2ஐ2-வில் 69. பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம், ஒரே சிவப்பு. ஆனால் எஸ்எம்7பி-யைச் சோலோவில் மாட்டி மெல்லிய குரலில் கதை சொல்பவர், குமிழைக் கடைசிவரை திருகியும் மீட்டர் ஏறவில்லையே என்று நொந்துபோவார். 2ஐ2-வில் அந்தக் கவலை இல்லை. அதே நிறுவனம் பேச்சுக்காகவே செய்த வோகாஸ்டரில் கெயின் 70 டெசிபெல். ஏடி2020 போன்ற கன்டென்ஸர் வைத்திருப்பவருக்குச் சோலோவே தாராளம்.

ஆகவே பெட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களிடம் எந்த மைக் இருக்கிறது, நீங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர் என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். மேடைகளில் காலங்காலமாகப் பார்க்கிற எஸ்எம்58 மைக் 1966-இல் வந்தது. அது எஸ்எம்7பி-யைவிடச் சுமார் நாலரை டெசிபெல் அதிகமாகத் தரும். சத்தமான தெருவில், எதிரொலிக்கும் அறையில், வாயருகே வைத்துப் பேச அதைவிடச் சிக்கனமான துணை இல்லை என்பது என் கருத்து. கன்டென்ஸர் மைக் அமைதியான அறைக்கு ஏற்றது. நம் தெருக்களில் அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே பதிவு செய்யும். ஸ்டூடியோ மைக் என்றால் கன்டென்ஸர்தான் என்று நம்பிப் பலர் பணத்தை அதில் போடுகிறார்கள். அது சரியல்ல என்றுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

இரைச்சலைப் பற்றியும் பெரிய பயம் இருக்கிறது. விலை அதிகமான பெட்டியின் ப்ரீஆம்ப் சுத்தமாக இருக்கும், மலிவானது 'ஸ்ஸ்' என்று இரையும் என்பார்கள். ஒரு காலத்தில் உண்மை. 150 ஓம் மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்று சும்மா கிடந்தாலே, அறை வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அலைவதால் அதற்குள் ஓர் இரைச்சல் பிறக்கும். அதன் அளவு சுமார் மைனஸ் 131 டிபியு (சமிக்ஞையின் அளவைச் சொல்லும் டெசிபெல் அலகு). அதற்குக் கீழே இயற்கையே விடாது. இன்றைய நல்ல வீட்டு இன்டர்ஃபேஸ்கள் மைனஸ் 127, 128 என்று அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மீதம் இருப்பது மூன்று, நான்கு டெசிபெல். நகரத்து வீட்டில் நடுநிசியிலும் அறைச் சத்தம் 30 டெசிபெலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் சத்தத்துக்கு அடியில் ப்ரீஆம்பின் இரைச்சல் மறைந்துபோகும். பதிவில் இரைச்சல் கேட்டால் பெட்டிமேல் பழி போடுமுன் அறையை, தூரத்தை, சார்ஜரைப் பாருங்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து மாதிரி எடுக்கிறது என்ற எண்ணை, மறந்துவிடலாம். குரலுக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் போதும். வீடியோவோடு சேர்ப்பதாக இருந்தால் 48. கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்தில் பிடித்தாலும் கலங்கல்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரே தடம் என்றால் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். 192-இல் அது இரண்டு ஜிபியைத் தாண்டும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குத் தெரியும். 24 பிட் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தால், மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நிற்கும்படி கெயினைக் குறைத்தே வைத்து, பயமில்லாமல் பதிவு செய்யலாம். பாட்டி திடீரென்று குரலை உயர்த்திக் குலவையிட்டாலும் ஒலி உடையாது. உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

டைரக்ட் மானிட்டர் என்ற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மைக்கில் பேசுவது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வராமல், பெட்டியிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வருவது அது. கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டுகளாகத்தான் வாங்கும். 512 மாதிரிகள் கொண்ட ஒரு கட்டு 48 கிலோஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் அதிகம். போவதும் வருவதும் சேர்ந்தால் இரட்டிப்பு. சொந்தக் குரல் இப்படித் தாமதித்துக் காதில் விழுந்தால் வாசிக்கிறவருக்கு நாக்கு தடுமாறும். டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் தாமதம் போய்விடும். விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் என்ற மென்பொருள் பெட்டியைச் செய்த நிறுவனத்திடமிருந்தே கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பொலி, கைதட்டல், குரல் மாற்றும் பொத்தான்கள் வைத்து, வண்ண விளக்கோடு 'லைவ் சவுண்ட் கார்டு' என்று விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்டிருந்தார்கள். அவை வேறு பொழுதுபோக்குக்கானவை.

கிராமத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டியவர்களுக்கு ஒரு மாற்று வழி. ஜூம் ஹெச்5 போன்ற கையடக்க ரெக்கார்டர்கள் பேட்டரியில் ஓடும், மெமரி கார்டில் பதிவு செய்யும், வீட்டுக்கு வந்தபின் யுஎஸ்பியில் மாட்டினால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டு மாட்டலாம். நடவுப் பாட்டுக்காரப் பாட்டியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தால் பாட்டு வராது. திண்ணையில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒருவரை உட்கார வைத்தால்தான் வரும். அங்கே காகம் கரையும், ஆடு கத்தும். அந்தப் பதிவில் அதெல்லாம் இருக்கட்டும் என்பேன். வாசிப்புப் பதிவுக்கு வேண்டிய சுத்தத்தை ஒரு கிழவியின் நினைவிலிருந்து வரும் பாட்டுக்குக் கேட்கக் கூடாது. அவருக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாளில், கையில் இருக்கும் போனை வைத்தாவது இப்போதே பதிவு செய்யுங்கள். பெட்டி பிறகு வரட்டும்.

வாசிக்க எடுக்கும் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்துவிட்டால் இந்தியாவில் அவர் எழுத்துக்குக் காப்புரிமை இல்லை. பாரதியும் கல்கியும் புதுமைப்பித்தனும் இப்போது யாரும் வாசித்து வெளியிடக்கூடியவர்கள். காப்புரிமை உள்ள பாடநூலாக இருந்தாலும், பார்வையற்றோர் பயன்படுத்துவதற்காக லாப நோக்கில்லாமல் ஒலி வடிவில் தருவதற்கு 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆசிரியை இதைத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யலாம் அம்மா. அந்த மாணவிக்கு மட்டும் கொடுங்கள், பொதுவில் போட வேண்டாம்.

பதிவை வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு மட்டும் எம்பி3 ஆக்குங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அது போதும். கோப்பின் பெயரில் யார், எந்த ஊர், என்ன பாட்டு, எந்தத் தேதி என்று இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் பிரதி வைத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இனிமேல் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதினால் எனக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்: உங்களிடம் இருக்கும் மைக், பதிவு செய்யும் அறையில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுவீர்கள். முடிந்தால், யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையைப் பதிவு செய்து அதையும் அனுப்பி வையுங்கள். அதைக் கேட்டால் பாதி விடை தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்